பின்வரிசைச் சிரிப்பு

சமையல்காரர் சங்கம் போட்ட விருந்தில் சோறு வேகவில்லை என்றால் எப்படி இருக்கும்? கானா நாட்டின் தலைநகரான அக்ராவில் நடந்த இணையப் பொறியாளர் மாநாட்டின் முதல் நாள் காலை எலிக்கெமுக்கு அப்படித்தான் இருந்தது. பெரிய அரங்கு. எண்ணூறு நாற்காலி, எண்ணூறிலும் ஆள். ஆளுக்கொரு மடிக்கணினி, ஆளுக்கொரு கைபேசி. கண்டத்தின் பாதி நாடுகளில் கேபிள் புதைத்தவர்களும் கோபுரம் ஏற்றியவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையிலிருந்த எந்தத் திரையிலும் ஒரு பக்கம்கூட ஒழுங்காகத் திறக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அரங்கின் வைஃபைக்குப் பொறுப்பு எலிக்கெம். அதை யாரும் அவன் தலையில் கட்டவில்லை, அவனே கேட்டு வாங்கிக்கொண்டது. "வெளிநாட்டுக்காரனக் கூப்பிட்டு எதுக்கு? நான் பாத்துக்கறேன்" என்று குழுக் கூட்டத்தில் மார்தட்டியிருந்தான். மாநாட்டுக்கு முந்தின நாள் அரங்கு முழுக்க நடந்து நடந்து அளந்தும் வைத்திருந்தான். அளந்தபோது எல்லாம் அருமையாக இருந்தது. அரங்கில்தான் ஒரு ஈ காக்கை கிடையாது.

மாநாட்டுத் தலைவி அராபா மேடம் மேடையேறினார். அறுபதைத் தாண்டியவர், நாக்கில் மிளகாய் வைத்திருப்பவர். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம வைஃபை இன்னும் தூங்கி எந்திரிக்கல போல. எலிக்கெம் தம்பி, கொஞ்சம் எழுப்பி விடுப்பா. காப்பி வேணும்னா நான் தரேன்."

அரங்கே சிரித்தது. எலிக்கெம் ஓரத்து மேசைக்குப் பின்னால் ஆரஞ்சு நிற மேல்சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அந்தச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு எங்காவது ஓடிவிடலாமா என்று இருந்தது. எண்ணூறு பேர் சிரித்து ஓய்ந்து அராபா மேடம் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்ட பிறகு, பின்வரிசையிலிருந்து இன்னொரு சிரிப்பு வந்தது. தடித்த, அடக்கத் தெரியாத, தனியான ஒரு சிரிப்பு.

பக்கத்திலிருந்த ஓடார்ட்டே அவன் விலாவில் இடித்தான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாக வேலை பார்ப்பவர்கள். ஓடார்ட்டே எதையும் சும்மா விடுகிறவன் இல்லை.

"பாத்தியா மச்சான். உன் வைஃபைல சிரிப்புகூட லேட்டாத்தான் வந்து சேருது."

எலிக்கெம் மடிக்கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்று முழுக்க அந்த வாக்கியம் காதில் கிடந்தது. அவனுக்கு வேண்டியது இப்போது ஒன்றே ஒன்றுதான். மறுநாள் மாலை நிறைவுக் கூட்டத்தில், வைஃபை எப்படி ஓடியது என்று மேடையேறி அவன் சொல்லியாக வேண்டும். அதற்குள் போன பேரை மீட்டுவிட வேண்டும். இல்லையென்றால் இந்தக் கூட்டத்தில் இனி அவன் தலைகாட்ட முடியாது.

மதியத்துக்குள் முன்பாதி ஓரளவு சீரானது. பின்பாதி மட்டும் நொண்டியது. ஏன் என்று தோண்டியபோதுதான் அது அகப்பட்டது. பின்பக்கம் எங்கோ ஒரு பழைய கருவி. மற்றவையெல்லாம் ஒரு நொடியில் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்போது, இது இழுத்து இழுத்துப் பேசியது. காலையிலிருந்து ஒரு நிமிஷம்கூட ஓயவில்லை. வைஃபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும். அக்ராவின் மதீனா சாலையில் ஒற்றைத் தடத்தில் ஒரு ஓட்டை ட்ரோட்ரோ வேன் ஊர்ந்து போனால், பின்னால் வருகிற பென்ஸ் காரும் ஊர்ந்துதானே ஆக வேண்டும்.

இந்த மாநாட்டில் ஒரு பழக்கம் உண்டு. வைஃபையை அதிகம் தின்கிற கருவிக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டி, வெளிக்கூடத்துப் பெரிய திரையில் போட்டுவிடுவார்கள். நிறைவுக் கூட்டத்தில் அதன் சொந்தக்காரரை மேடைக்கு அழைத்து, பழைய கேபிளில் பின்னிய கிரீடம் ஒன்றைத் தலையில் வைத்து ஆடவிடுவார்கள். போன வருஷம் லாகோஸ்காரர் ஒருவர் அதை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

எலிக்கெம் அந்தக் கருவிக்கு 'ஆமை மகாராஜா' என்று பேர் வைத்தான். ஓடார்ட்டே கிரீடம் சூட்டிய ஆமைப் படம் ஒன்றை வரைந்து திரையில் ஏற்றினான். அவ்வளவுதான், மாநாட்டுக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. பேச்சாளர்கள் நடுவில் நிறுத்தி, "இத ஆமை மகாராஜாவுக்குப் புரியற மாதிரி மெதுவா சொல்றேன்" என்றார்கள். கேள்வி கேட்க எழுந்தவர்கள், "ஆமை அனுமதிச்சா ஒரு கேள்வி" என்றார்கள். ஒவ்வொரு முறையும் அரங்கு சிரித்தது. ஒவ்வொரு முறையும், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்து அந்தப் பிந்திய சிரிப்பும் வந்தது. காலையில் எலிக்கெமைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது ஆமையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனுக்கு அது பெரிய நிம்மதி. தன் மேல் விழுந்த சேற்றை வேறொருவர் மேல் தட்டிவிட்டால் வருகிற நிம்மதி அது. அப்போது அவனுக்கு அப்படித் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை எலிக்கெம் வேட்டைக்குக் கிளம்பினான். கழுத்திலிருந்து வாரில் தொங்கும் பலகையில் மடிக்கணினி, கையில் தலைக்கு மேல் உயர்த்திய ஆன்டெனாக் கம்பு. தெருவில் தட்டு ஏந்தி அவித்த முட்டை விற்கிறவன் மாதிரி, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நாற்காலிகளின் இடையே நடந்தான். பார்த்தவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். திரையில் ஆமையின் சிக்னல் எண் ஏறிக்கொண்டே வந்தது. கடைசி வரிசை, ஓரத்துத் தூண்.

அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கானாவின் வடபகுதிப் பெண் என்பது தலைத்துணி கட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது. மடியில் ஒரு பழைய டேப்லட், சுவர் பிளக்கிலிருந்து இழுத்துப் பிடித்த வயர். திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஊரெல்லாம் வைஃபைக்குத் தவிக்க, இந்த அம்மா யாரோடோ உட்கார்ந்து அரட்டையடிக்கிறாள் என்று எலிக்கெம் நினைத்தான். அவள் நிமிர்ந்தாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையை உயர்த்தி ஆட்டினாள்.

இடது கை.

அக்ராவில் மூன்று வயதுப் பிள்ளைகூட இடது கையை நீட்டினால் அடி வாங்கும். கடைக்காரன் இடது கையால் மீதி கொடுத்தால் வாங்காமல் போகிறவர்கள் உண்டு. எலிக்கெமுக்குச் சுருக்கென்றது. படித்த பெண், இவ்வளவு பெரிய சபை, இடது கையை ஆட்டுகிறாளே. வலது கை என்ன செய்கிறது என்று அவன் பார்க்கவில்லை. டேப்லட்டின் சார்ஜர் முனை தளர்ந்து போயிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்காவிட்டால் கழன்று, திரையே அணைந்துவிடும். நேற்றுக் காலையிலிருந்து அவளது வலது கை அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'அம்மா, இதுல என்ன ஓடுது?' என்று குனிந்து கேட்க எவ்வளவு நேரமாகும்? அவன் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசைக்கு வந்தான். ஒரு வரிக் கட்டளை தட்டினான். ஆமை தடுக்கப்பட்டது.

பின்பாதியின் வேகக் கோடு மேலே ஏறியது. ரொம்ப இல்லை, கொஞ்சம்தான். ஆனால் வரைபடத்தின் அளவைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் மேடும் மலையாகத் தெரியும். ஓடார்ட்டேவுக்கு அந்த வித்தை கைவந்தது. பேச்சுகளுக்கு இடையில் அராபா மேடம் எலிக்கெமை மேடைக்கு அழைத்தார். பெரிய திரையில் மலை தெரிந்தது.

"ஆமை மகாராஜாவப் புடிச்சாச்சு" என்றான் எலிக்கெம். "கடைசி வரிசைல, தூணுக்குப் பக்கத்துல சிம்மாசனம் போட்டு உக்காந்திருந்தாரு. பதவிலேருந்து எறக்கியாச்சு. இனி எல்லாரும் மூச்சு விடலாம்."

எண்ணூறு தலையும் தூண் பக்கம் திரும்பிச் சிரித்தது. கைதட்டல் வேறு. தூண் பக்கத்திலிருந்த அந்தப் பெண் தன்னை நோக்கித் திரும்பிய அத்தனை முகங்களையும் பார்த்தாள். அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். தடித்த, அடக்கத் தெரியாத சிரிப்பு. இந்த முறை அது பிந்தவில்லை. எல்லோருடையதோடும் சேர்ந்தே வந்தது.

எலிக்கெம் அதைக் கவனிக்கவில்லை. அவன் கைதட்டலில் இருந்தான்.

அடுத்துப் பேசியவர் சாம்பியாவிலிருந்து வந்தவர். கேபிள் எட்டாத ஊர்களுக்கு மலிவான ரேடியோக்களால் இணையம் கொண்டுபோகிற வேலை அவருடையது. பேசி முடித்துவிட்டு, கருவிகள் ஐந்து தொகுதி கையோடு கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். எந்த ஊருக்கு வேண்டும், கை தூக்குங்கள் என்றார். கைகள் உயர்ந்தன. அவர் ஒவ்வொருவராக எழுப்பி இரண்டு கேள்வி கேட்டு, ஐந்து ஊர்களைத் தேர்ந்தெடுத்தார். எலிக்கெம் மேசையில் உட்கார்ந்து, தன் முதுகில் தட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

மதியம் வாச்சே என்கிற காராமணிச் சோறும் பொரித்த மீனும். எலிக்கெம் இரண்டாம் முறை தட்டை நிரப்பினான். நேற்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டோடு திரும்பியபோது அந்தப் பெண் எதிரில் நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அவள் கைபேசியில் எதையோ தட்டி அவன் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"வணக்கம். என் பேரு வுன்பினி. வடக்க டமாலே பாலிடெக்னிக்ல நெட்வொர்க் பாடம் எடுக்கறேன். எனக்குக் காது கேக்காது. நீங்கதான வைஃபை பாத்துக்கறவரு? என் டேப்லட் நின்னுபோச்சு. டமாலேல ராஹினான்னு ஒரு பொண்ணு, இங்க பேசறத அது வழியா கேட்டு அப்படியே டைப் பண்ணி அனுப்புவா. அது வந்தாத்தான் இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் பாக்கறீங்களா?"

எலிக்கெம் ஒரு முறை படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். தட்டு கனத்தது. அதை வைக்க இடம் தேடினான், கிடைக்கவில்லை. அவள் கைபேசியைத் திருப்பி வாங்கி இன்னும் ஏதோ தட்டினாள். தட்டும்போதே சிரித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு கேக்கணும். ஆமையப் புடிச்சுட்டீங்களா? நேத்துலேருந்து அத நெனச்சு நெனச்சு சிரிச்சுட்டு இருக்கேன். ராஹினாவால சிரிப்புல டைப்பே பண்ண முடியல. எழுத்து வந்து சேர நேரமாகும், நான் சிரிக்கும்போது எல்லாரும் சிரிச்சு முடிச்சிருப்பாங்க, பக்கத்துல இருக்கவங்க என்னை ஒரு மாதிரி பாப்பாங்க. காலைல நீங்க மேடையேறும்போது பாத்து டேப்லட் நின்னுபோச்சு. எல்லாரும் எங்க பக்கம் திரும்பிச் சிரிச்சாங்களே. யாரு அது? எனக்குப் பக்கத்துலயா உக்காந்திருந்தாங்க?"

வெட்கம் என்றால் முகம் சிவப்பது, தலை குனிவது என்றெல்லாம் எலிக்கெம் நினைத்திருந்தான். இது அப்படி வரவில்லை. எண்ணூறு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தபோது, என்னவென்று தெரியாமல், சபை சிரிக்கிறதே என்று மரியாதைக்குத் தானும் சேர்ந்து சிரித்தவளின் முகம் இப்போதுதான் அவன் கண்ணுக்கு முழுசாக வந்தது.

அவள் கைபேசியை நீட்டினாள், பதிலுக்காக. அவன் வாங்கினான். 'அது நீங்கதான், நான்தான் தடுத்தேன்' என்று தட்ட வேண்டும். அவன் விரல் தட்டியது வேறு.

"புடிச்சாச்சு. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. வாங்க, உங்க டேப்லட்டப் பாப்போம்."

"கடைசில மேடைக்குக் கூப்பிடுவீங்கல்ல? பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன். பன்னெண்டு மணி நேரம் உக்காந்து வந்தது வீணாகக் கூடாது" என்று அவள் தட்டினாள்.

தடையை எடுக்க ஒரு வரி போதும். மேசைக்குப் போய் அதை முதலில் செய்தான். பிறகு மடிக்கணினியோடு அவள் இடத்துக்கு வந்தான். சாப்பிட்டு முடித்துக் கூட்டம் உள்ளே வந்து நிறைந்துகொண்டிருந்தது. நின்றபடி அளந்தான். எண் நன்றாக இருந்தது. அவ்வளவு நல்ல எண் வருகிற இடத்தில் இவள் கருவி ஏன் ஆமையாக ஊர்கிறது? டேப்லட் பழசு என்றாலும் இவ்வளவு மோசமாகாதே. அவள் தன் நாற்காலியைக் காட்டி, உட்காருங்கள் என்று சைகை செய்தாள். நிற்கிறவனுக்கு உட்கார இடம் கொடுத்தாள், அவ்வளவுதான்.

உட்கார்ந்தான். முன்னாலும் பக்கத்திலும் தோள்கள், முதுகுகள், தலைகள். மடியில் மடிக்கணினி. எண் சரசரவென்று இறங்கியது. எழுந்து நின்றான், ஏறியது. உட்கார்ந்தான், இறங்கியது.

ரேடியோ அலையை மனித உடம்பு குடித்துவிடும். உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். இதை எலிக்கெம் கல்லூரியிலேயே படித்தவன், பயிற்சி வகுப்பில் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறான். ஆனால் அவன் அளந்தது காலி அரங்கை. அதுவும் நின்றுகொண்டு, ஆன்டெனாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. காலி அரங்கில் முன்பக்க வைஃபை பெட்டிகளின் சிக்னல் பின்சுவர் வரை எட்டியது. பின்சுவரில் இருந்த இரண்டு பெட்டிகள் அதோடு மோதின. அதனால் அவற்றை அவனே அணைத்து வைத்தான். ஆட்கள் வந்து நிறைந்ததும் பின்வரிசை இருட்டில் விழுந்துவிட்டது. சுவர் பிளக் பின்வரிசையில் மட்டும்தான் இருந்தது. சார்ஜர் தேவைப்பட்டவள் அங்கேதானே உட்கார முடியும்?

அவள் ஆமை இல்லை. அவளை ஆமையாக்கியவன் அவன்.

இரண்டு பெட்டிகளையும் மறுபடி போட்டான். அவ்வளவுதான் வைத்தியம். அவள் கையிலிருந்த டேப்லட்டில் எழுத்துகள் பொலபொலவென்று கொட்டின. "அக்கா, எங்க போனீங்க? இருக்கீங்களா? எதாவது சொல்லுங்க" என்று ராஹினா மறுபடி மறுபடி கேட்டிருந்தாள். வுன்பினி துள்ளிக் குதிக்காத குறை. பின்பாதி முழுக்கக் கோடு நிஜமாகவே ஏறியது, அளவை இழுக்கத் தேவையில்லாமல். யாரையும் தடுத்திருக்கவே வேண்டியதில்லை.

அவள் பையைத் துழாவி ஒரு பொட்டலம் எடுத்தாள். குலிகுலி, வடக்கே நிலக்கடலைப் பிண்ணாக்கை முறுக்குபோலப் பொரித்துச் செய்வது. பஸ்ஸுக்கு வைத்திருந்தது போலிருக்கிறது. வலது கையால் எடுத்து, இடது கையால் முழங்கையைத் தாங்கி, முறையாக அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அதை வாங்காமல் இருக்க என்ன காரணம் சொல்ல முடியும்?

"கடைசியா ஒண்ணு. காலைல சாம்பியாக்காரர் பேசினப்ப எல்லாரும் கை தூக்கினாங்களே, எதுக்கு? அவர் பேச்சக் கேக்கத்தான் வந்தேன். நானும் தூக்கினேன், எதுக்குன்னு தெரியாமயே. கொஞ்சம் லேட்டாயிடுச்சு. அவர் பாக்கல" என்று கைபேசியைக் காட்டினாள்.

இதற்கு மட்டும் அவன் உண்மையைத் தட்டினான். ஐந்து தொகுதி, ஐந்து ஊர். படித்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோளைக் குலுக்கினாள். "பரவால்ல. வைஃபைன்னா சில நேரம் இப்படித்தான். நானே பிள்ளைங்களுக்கு அதத்தான சொல்லிக்குடுக்கறேன்."

எலிக்கெம் சாம்பியாக்காரரைத் தேடி ஓடினான். அவர் காப்பிக் குவளையோடு வெளிக்கூடத்தில், ஆமைப் படத்துக்கு அடியில் நின்றிருந்தார். நல்ல மனுஷன், முழுக்கக் கேட்டார்.

"அவங்க கை எனக்குத் தெரியலயே தம்பி. அஞ்சு ஊருக்கும் வாக்கு குடுத்தாச்சு. ஒருத்தர்கிட்டேருந்து புடுங்கி இன்னொருத்தருக்குக் குடுத்தா நல்லா இருக்குமா? அவங்க நம்பர் வாங்கிக் குடுங்க, அடுத்த தடவ மொதல்ல அவங்களுக்குத்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏன், அவங்க டேப்லட்டுக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"பழசு" என்றான் எலிக்கெம். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

மேசைக்கு வந்தபோது ஓடார்ட்டே நிறைவுக் கூட்டத்துக்கான படங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கேபிள் கிரீடம் பக்கத்தில் இருந்தது. இந்த வருஷம் நீலக் கேபிளில் பின்னியிருந்தான்.

"ஆமைப் படத்த எடுத்துடு" என்றான் எலிக்கெம்.

"ஏன்டா? அதுதான்டா உயிரே. அந்தம்மாவ மேடையேத்தி ஆடவிட்டா கூட்டம் பிச்சுக்கும்."

எலிக்கெம் சொன்னான். சொல்லி முடிக்கும் வரை ஓடார்ட்டே கணினியைத் தொடவில்லை. அவன் வாயிலிருந்து கிண்டல் வராத நேரத்தை எலிக்கெம் அன்றுதான் பார்த்தான்.

"ஆமைப் படம் வரைஞ்சது நான்டா" என்றான் ஓடார்ட்டே. பிறகு, "அவங்ககிட்ட சொன்னியா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல."

"போய்ச் சொல்லு. மேடையேறதுக்கு முன்னாடி சொல்லிடு."

எலிக்கெம் போனான். பக்கவாட்டு நடைவழியில் பாதி தூரம் போனான். வுன்பினி டேப்லட்டில் மூழ்கியிருந்தாள். எழுத்து தாமதமில்லாமல் வருவது முகத்திலேயே தெரிந்தது, மேடையில் சொன்ன ஒரு சின்ன ஜோக்குக்கு எல்லோரோடும் கிட்டத்தட்டச் சேர்ந்தே சிரித்தாள். அவனைப் பார்த்துவிட்டு இடது கையை ஆட்டினாள். வலது கட்டைவிரல் சார்ஜர் முனையில் இருந்தது. எலிக்கெம் தன் இடது கையைத் தூக்கி ஆட்டினான். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் முறைத்தார். இன்னும் பத்தடி நடந்தால் அவளிடம் போய்விடலாம். அவன் அங்கேயே நின்றான். எப்படித் தொடங்குவது என்று யோசித்தான். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அராபா மேடம் மேடையில் அவன் பேரைச் சொல்லிவிட்டார். ஒரு கணம் அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, அந்த ஆறுதலை நினைத்துப் பின்னால் அவன் பலமுறை கூசியிருக்கிறான்.

மேடையேறினான். திரையில் இரண்டு நாள் கோடுகள். எத்தனை கருவி, எவ்வளவு வேகம், எல்லாம் சொன்னான். கூட்டம் பொறுமையாகக் கேட்டது. அவர்கள் காத்திருந்தது அதற்கில்லை.

"ஆமை எங்கப்பா?" என்று யாரோ கத்தினார்கள். "மகாராஜாவ மேடைக்குக் கூப்பிடு" என்று இன்னொரு குரல். அராபா மேடம் சிரித்துக்கொண்டே கேபிள் கிரீடத்தைக் கையில் தூக்கிக் காட்டினார்.

எலிக்கெம் அதை அவர் கையிலிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

"ஆமை நான்தான்" என்றான். "காலி ஹால அளந்தேன். நின்னுக்கிட்டே அளந்தேன். நீங்கல்லாம் உக்காந்திருப்பீங்கன்னு எனக்குத் தோணல. பின்சுவர்ல இருந்த ரெண்டு பெட்டியையும் நானே அணைச்சேன். அதனாலதான் பின்வரிசை இழுத்துச்சு. காலைல ஒருத்தர் கருவியத் தடுத்தேன். அத நெட்ட விட்டுத் துரத்துனத ஒரு சாதனையா உங்ககிட்ட சொல்லிக் கைதட்டலும் வாங்கிட்டேன். அது எதுக்கு ஓடுதுன்னு நான் கேக்கல. கேக்காமலே தடுத்தேன். தடுக்க வேண்டியதே இல்ல. தப்பு என்னோடது, மன்னிச்சுடுங்க."

பேரைச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி எண்ணூறு தலை தூண் பக்கம் திரும்பும். அந்த மட்டுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது. ஆனால் ஒருத்தியிடம் சொல்ல வராததை எண்ணூறு பேரிடம் சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது என்பதும் உண்மைதான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது அவனுக்குத் தெரிந்தது.

அரங்கு வெடித்துச் சிரித்தது. நீலக் கேபிள் கிரீடம் காதுவரை இறங்கியிருக்க, அழுகிற முகத்தோடு ஒருவன் தன்னையே ஆமை என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நேர்மையான பிள்ளை என்று எழுந்து நின்று தட்டினார்கள். "ஆடு, ஆடு" என்று லாகோஸ்காரர் கத்தினார். போன பேர் திரும்பி வந்துவிட்டது. அதோடு வட்டியும் சேர்ந்து வந்தது. எலிக்கெமுக்கு அது ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அவன் தூண் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றவர்களுக்கு இடையே டேப்லட்டின் வெளிச்சம் விழுந்த முகம் தெரிந்தது. அவள் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் டமாலேயில் ராஹினாவின் காதுக்குப் போய், அவள் விரலிலிருந்து எழுத்தாகி, இங்கே இந்த மடிக்கு வர வேண்டும். அவள் நெட்வொர்க் பாடம் எடுக்கிறவள். பின்சுவர், இரண்டு பெட்டி, காலை. சேர்த்துப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிரிப்பு ஓய்ந்தது. கைதட்டலும் ஓய்ந்தது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நேற்றென்றால் இந்த இடத்தில் அது வந்திருக்கும், தடித்த, தனியான அந்தச் சிரிப்பு. எலிக்கெம் ஒலிவாங்கியைப் பிடித்தபடி அதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். அராபா மேடம் அவனையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எறங்குடா, முடிஞ்சுது" என்று கீழேயிருந்து ஓடார்ட்டே மெதுவாகச் சொன்னான்.

வுன்பினி சார்ஜர் முனையிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள். திரை அணைந்தது. வயரைச் சுற்றிப் பையில் வைத்தாள்.

எலிக்கெம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். அந்தச் சிரிப்பு வரவில்லை.